ஏழு இட்லிப்பூச் செடிகள்

இசக்கியம்மாளின் கணவர் அய்யாசாமி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று ஷிஃப்ட் சுற்றி வரும். இரவு ஷிஃப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்குவார். மற்ற வாரங்களில் பேசாமல் இருப்பார். ஷிஃப்ட்காரர் தூங்கும் வீட்டுக் கதவை அந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாரும் தட்டுவதில்லை. பிள்ளையும் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நெய்வேலி வந்த முதல் மூன்று வருடங்களில் அவள் வெளியாரிடம் பேசியதெல்லாம் ரேஷன் கடையில் பேசியதுதான்.

1973 மழைக்காலத்தில், பூங்கா வேலியோரம் தோட்டக்காரர் இட்லிப்பூச் செடியைக் கத்தரித்துப் போட்டிருந்தார். அவள் ஒரு கைப்பிடி குச்சிகளைப் பொறுக்கி வந்து நட்டாள். பன்னிரண்டில் எட்டு பிழைத்தன. ஏழு செடிகளை முன்பக்கக் கம்பி வேலியோரம் வரிசையாக வைத்தாள். மிஞ்சிய ஒன்றை எறிய மனமில்லாமல் சமையலறை ஜன்னலுக்கு வெளியே சொருகிவிட்டு மறந்துபோனாள்.

இட்லிப்பூச் செடி அவசரப்படாது. முழங்கால் உயரம் வந்து பூக்க இரண்டு வருடம் எடுத்துக்கொண்டது. பூத்த பிறகு, வெள்ளிக்கிழமை காலைகளில் வேலியோரம் குரல் கேட்டது.

"அக்கா, சாமிக்கு ரெண்டு கொத்து எடுத்துக்கவா?" எதிர் வீட்டு அம்சவல்லிதான் முதலில் வந்தாள். பண்ருட்டிக்காரி, வாய் ஓயாது.

"எடுத்துக்கிடுங்க. இதுக்கு என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு?"

"கேக்காம பறிச்சா சாமி கண்ணைக் குத்தும்க்கா. எங்க வூட்டுக்காரரும் ரோஜா வச்சாரு. அவரு கை பட்டா கத்தாழைகூட செத்துடும்."

இசக்கியம்மாள் சிரித்தாள். சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். பிறகு ஆறு பேர். அந்தக் கால்மணி நேரப் பேச்சை வைத்து அவள் வாரத்தை ஓட்டினாள்.

ஆறு பேருக்குப் பூ போதவில்லை. தாமதமாக வந்த இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் பிடித்தது. பூ இல்லையென்றால் வர மாட்டார்களே! ஊரில் பூசணிக்கும் முருங்கைக்கும் அடுப்புச் சாம்பல் போட்டால் காய்த்துத் தள்ளும். இங்கே எல்லார் வீட்டிலும் லெக்கோ அடுப்பு; நிலக்கரிக் கட்டி எரிந்த சாம்பலைக் கொட்ட இடமில்லாமல் திண்டாடினார்கள். அவள் தன் வீட்டுச் சாம்பலைச் செடிகளுக்குப் போட்டாள். அது போதாமல், அம்சவல்லியிடமும் அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் சொல்லி வைத்து, அவர்கள் பின்வாசலில் வைக்கும் சாம்பலை வாளியில் அள்ளி வந்தாள். விறகுச் சாம்பலும் நிலக்கரிச் சாம்பலும் ஒன்றல்ல என்றோ, இட்லிப்பூவுக்கு எந்தச் சாம்பலுமே ஆகாது என்றோ அவளுக்கு யார் சொல்வார்கள்?

ஒரு வருடத்தில் துளிர் இலைகள் வெளிறின. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். மொட்டுகள் விரியாமல் கருகின. செடிக்குச் சத்துப் போதவில்லை என்று நினைத்தவள் இன்னும் ஒரு வாளி போட்டாள்.

"இன்னாக்கா, செடிக்கு மஞ்சக்காமாலையா?" என்றாள் அம்சவல்லி. அதன்பின் வேலியோரம் யாரும் நிற்கவில்லை. நின்று என்ன செய்வார்கள், பூவா இருக்கிறது?

1978 கார்த்திகையில் ஒருநாள், ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையை வழக்கம்போல் ஜன்னல் வழியே எறிந்தவள், சிவப்பாக ஏதோ கண்ணில் பட, எட்டிப் பார்த்தாள். கீழே மறந்துபோன எட்டாவது செடி. கரும்பச்சை இலை, நான்கு கொத்துப் பூ. வெளியே ஓடிப்போய் அதன் முன் குந்தி உட்கார்ந்தாள். ஒரே செடியின் குச்சி. ஒரே குழாய்த் தண்ணீர். ஒரே செம்மண். இதற்கு விழுந்தது புளிச்சக்கை, விழாதது சாம்பல். கணக்கு அவ்வளவுதான். காரணம் தெரிந்த பிறகு அழுதுகொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. அன்றே அம்சவல்லியின் பின்வாசலுக்குப் போனாள்.

"இனிமே சாம்பல் எடுத்து வைக்க வேண்டாம்."

"ஏன்க்கா, எங்க வூட்டுச் சாம்பல் கசக்குதா?"

"செடியக் கொன்னதே நாந்தான். சாம்பல் அதுக்கு ஆகல."

மற்ற வீடுகளிலும் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வீடுகளுக்குப் போக இருந்த ஒரே சாக்கும் அதோடு போயிற்று. தெரிந்தேதான் சொன்னாள்.

பிறகு வேர் அறுபடாமல், ஒரு சாண் ஆழத்துக்குச் சாம்பல் கட்டிய மண்ணைத் தோண்டி எடுத்தாள். புதுச் செம்மண் போட்டாள். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து பால் கொண்டுவரும் பெண்ணிடம் சொல்லி மக்கிய சாணம் வாங்கினாள். புளித் தண்ணீரை நன்றாக நீர்க்க விட்டு வாரம் ஒருமுறை ஊற்றினாள். கருகிய கிளைகளைப் பச்சை தெரியும் வரை வெட்டினாள்.

"இதுக்கு ஏன் இம்புட்டு மல்லுக்கட்டு?" என்றார் அய்யாசாமி. "புடுங்கிப் போட்டுட்டு வேற வையி."

"வேற வச்சா பூக்க ரெண்டு வருசம்."

"இதுக்கும் ஒரு வருசம் ஆகும்லா?"

"அப்ப ஒரு வருசம் மிச்சந்தானே?"

அவர் மண்வெட்டியை வாங்கி இரண்டு கூடை மண் வெட்டிக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

இரண்டு செடிகள் செத்தன. ஐந்து தேறின. ஒரு வருடம் அல்ல, ஒன்றரை வருடம் ஆயிற்று. எண்பதாம் வருடம் வைகாசியில், கம்பி வேலி தெரியாதபடி பூத்தன.

முதல் வெள்ளிக்கிழமை வாசல் தெளித்துவிட்டு நின்றாள். அம்சவல்லி தெருவில் வந்தாள்; கூடையில் அடுத்த தெருவில் பறித்த அரளி இருந்தது. "பூத்துடுச்சாக்கா! நல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். மற்றவர்களுக்கும் இதற்குள் வேறு வேறு வேலிகள் பழகியிருந்தன. இரண்டாம் வெள்ளியும் அப்படித்தான். இட்லிப்பூ செடியிலேயே பல நாள் வாடாமல் நிற்கும். நின்று யாருக்கு?

மூன்றாம் வெள்ளிக்கிழமை அவள் ஒரு தட்டு நிறையப் பறித்தாள். தெருவைக் கடந்து அம்சவல்லி வீட்டு முன்வாசலில் போய் நின்றாள்.

"யாரு... அக்காவா?" அம்சவல்லி தோசைக் கரண்டியோடு வந்தாள். தட்டைப் பார்த்தாள். "இத்தனையுமா எனக்கு? இன்னாக்கா வெளியவே நின்னுகினு? உள்ள வாங்க, தோசை கருகுது."

உள்ளே அதே அளவு கூடம், அதே சிமெண்ட் தரை. இவள் வீட்டில் இடப்பக்கம் இருப்பது இங்கே வலப்பக்கம் இருந்தது.

"உங்களுக்கு ரொம்ப கர்வம்னு இந்த பிளாக்கே பேசிக்கும், தெரியுமா?" என்றாள் அம்சவல்லி, அடுப்படியிலிருந்து. "ஒருத்தர் வூட்டுக்கும் வரமாட்டீங்க."

"யாரும் கூப்பிடலையே."

"கூப்பிடணுமாக்கும்! பத்திரிகை அடிச்சா?"

தட்டில் தோசை விழுந்தது. இசக்கியம்மாள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அதைச் சொல்லாமல் இரண்டு தோசை சாப்பிட்டாள்.