ஏழாவது மாடியில் நின்ற லிஃப்ட்

போன வாரம் சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கறுப்புத் துணி டேப் ஒரு ரோல் வாங்கினேன். வீட்டில் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடாமல் டேப்பைச் சுற்றப் பார்க்கிறவனின் மூளை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கடை வாசலிலேயே முனையைப் பிய்த்து மூக்கில் வைத்து இழுத்தேன். பக்கத்தில் நின்ற ஆன்ட்டி இரண்டடி தள்ளிப் போனார். பசை மோந்து திரிகிற கேஸ் என்று நினைத்திருப்பார். அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? எனக்கு அது நாடக மேடையின் வாசனை.

அந்த மேடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. ஜூரோங்கில் மேடைச் சாமான் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டினேன். பள்ளிக்கூடமும் நானும் செகண்டரி மூன்றிலேயே சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். அதனால் பல்கலைக்கழகத்துக்குள் நான் நுழைந்தது, சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாகத்தான். அங்கே ஒரு தமிழ் நாடகக் குழு. முதல் நாளே மேடைப் பலகை என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நான் கத்தியதை இங்கே எழுத முடியாது, குடும்பத்தோடு படிப்பீர்கள்.

ஒரு பெண் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "இப்போ பேசுனது யாரு?"

புகார் போகப்போகிறது, வேலை போச்சு என்று நினைத்தேன்.

"நீங்களாண்ணே? இன்னொரு வாட்டி சொல்லுங்க, ப்ளீஸ். ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்!"

அவள்தான் மீரா, டைரக்டர். துவாஸ் கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவன் கேன்டீன் பெண்ணைக் காதலிக்கும் கதையை எழுதி வைத்துக்கொண்டு, அசல் தமிழுக்கு அலைந்துகொண்டிருந்தாள்.

"ஊர்ல எங்கண்ணே? தஞ்சாவூரா?"

"பிடோக் லா. இங்கதான், பஸ் இன்டர்சேஞ்ச் பக்கத்துல."

கேட்டது ஒன்று, தட்டில் வந்தது வேறொன்று என்பது போல முகம் விழுந்துவிட்டது அவளுக்கு. என் தமிழ், லாரியில் கூட வந்த, தொழிலாளர் தங்குவிடுதியில் இருக்கும் தமிழ்நாட்டு நண்பர்களிடம் ஆறு வருஷமாக இரவல் வாங்கியது என்று விளக்கினேன்.

"அப்போ நீங்க பேசுறது ஆதென்டிக் இல்லையா?"

"அது என்னன்னு சொல்லுங்க. பாக்கெட்ல இருக்கான்னு பாக்கிறேன்."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அந்தக் குழுவில் ஒட்டிக்கொண்டேன். கீழே கேபிளுக்கு டேப் ஒட்டுவது கம்பெனி வேலை, வசனம் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

கதாநாயகன் நவீன், எஞ்சினியரிங் மாணவன். சுடுகஞ்சி குடிப்பவன் மாதிரி தமிழை ஊதி ஊதிப் பேசுவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாரியில் உட்கார்ந்து அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். மேஸ்திரியிடம் லீவு கேட்பது எப்படி, அம்மாவிடம் போனில் பொய் சொல்வது எப்படி என்று தினம் ஒன்று. அவன் அப்படியே பேசித் திருப்பி அனுப்புவான். கேட்டால் கேரளாக்காரன் சீன உணவகத்தில் ஆர்டர் கொடுப்பது போல இருக்கும். ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்தே சிநேகிதமானோம். மூன்றாவது வாரத்தில் "ப்ரோ" போய் "டேய்" வந்தது. நான் பலகை தூக்கும்போது தானும் ஒரு முனையைப் பிடிப்பான். எனக்கென்று தே பெங், அதான் ஐஸ் போட்ட டீ, வாங்கி வருவான்.

ஒத்திகை தொடங்குமுன் மீராவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஓர் உண்மை சொல்ல வேண்டும். ஒருத்தி அப்பாவோடு பேசி ஒரு வருஷமாகிறது என்று அழுவாள். அடுத்தது என் முறை.

"நேத்து போட்ட சாக்ஸைத்தான் இன்னிக்கும் போட்டிருக்கேன்."

வட்டமே உருளும். மறுநாள் வேறொரு சாக்ஸ் ஜோக். இதைத் தாண்டி எனக்குள் எதுவும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாதபடி பார்த்துக்கொண்டதும் நான்தான்.

ஒரு மதியம் லாரியில் தனியாக இருந்தபோது, என்ன ஆயிற்றோ, நவீனுக்கு இதையும் வாய்ஸ் மெசேஜாக அனுப்பிவிட்டேன்: "டேய், அவ லிஃப்ட்ல ஏறி கதவு மூடுன அப்புறமும் நான் அங்கேயே நிக்கிறேன்டா. எந்த மாடின்னு நம்பரையே பாத்துக்கிட்டு. ஏழுன்னு வந்து நின்னாத்தான் எனக்கு மூச்சு வருது."

ஏழாவது மாடியில்தான் ஒத்திகை அறை. இரண்டு கட்டைவிரல் பொம்மை பதிலாக வந்தது. எவ்வளவு பெரிய மனசு, புரிந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறானே என்று நினைத்து, அன்றைக்கு அவனை என் தம்பியாகவே வரித்துக்கொண்டேன்.

நாடகத்துக்கு ஒரு வாரம் இருந்தது. காதலைச் சொல்லும் காட்சி. மீரா ஸ்கிரிப்டைப் பிடுங்கிக்கொண்டாள். "நீயா பேசு நவீன். உண்மையா இருக்கணும்."

நான் தரையில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். நவீன் கேன்டீன் பெண்ணாக நடிப்பவள் முன்னால் போய் நின்றான்.

"நீ லிஃப்ட்ல ஏறி கதவு மூடுன அப்புறமும் நான் அங்கேயே நிக்கிறேன்..."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. அவன் 'அவ'வை 'நீ' ஆக்கியிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி சொல்லுக்குச் சொல் நான். நடுவில் நான் எச்சில் விழுங்கிய இடத்தில்கூட நிறுத்தி விழுங்கினான். பாவி, அதையும் வசனம் என்று மனப்பாடம் செய்திருக்கிறான்! பதினைந்து பேர் முன்னால் யாரோ என் சட்டையைக் கழற்றிக்கொண்டிருப்பது போல இருந்தது. என்னால் ஓடவும் முடியவில்லை, டேப்பில் விரல் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அடுத்து வந்ததுதான் பெரிய இடி.

"ஸ்டாப், ஸ்டாப்," என்றாள் மீரா. "யாருடா லிஃப்ட் நம்பரைப் பாத்துக்கிட்டு நிப்பா? ரொம்ப ஃபேக்கா இருக்கு லா. கட் பண்ணிடு."

"இவன்தான் சொல்லிக் குடுத்தான்," என்று நவீன் என்னைக் காட்டினான்.

"அண்ணே, நீங்களா எழுதுனீங்க?"

என் வாழ்க்கையிலேயே ஒரு கேள்விக்கு உண்மையான பதில் என்னிடம் தயாராக இருந்தது அப்போதுதான். "சும்மா லா," என்றேன். "அடிச்சு விட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மீரா பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள். "சரி, நெசமாவே ஒருத்தன் லவ் பண்றான்னா அவகிட்ட என்ன சொல்லுவான்? ஒரு லைன் குடுங்க."

ஒரு கை தூரம்கூட இல்லை. காதில் சின்ன வெள்ளித் தோடு. அவளை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

"ஒண்ணும் சொல்ல மாட்டான்," என்றேன்.

"வாவ்," என்றாள் மெதுவாக. "இது உண்மை." எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று ஒத்திகை முடிந்து நானும் நவீனும் பலகையோடு கீழே வந்தோம். மறந்து வைத்த பையை எடுக்க மீரா மறுபடி லிஃப்டில் ஏறினாள். கதவு மூடியது. பாழாய்ப்போன கண், பழக்கத்தில் மேலே போயிற்று. மூன்று. நான்கு. நவீன் நம்பரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"டேய்... அது பிராக்டிஸ் இல்லையா?"

ஐந்து. ஆறு. நான் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் போய்ச் சொல்றேன்டா அவகிட்ட."

"சொன்னே, ஸ்பாட்லைட்டைக் கழட்டி உன் தலையில போடுவேன்."

அவன் சிரிக்கவில்லை. பலகையைக் கீழே வைத்துவிட்டு, "சாரிடா. நீ எப்பவும் ஜோக்தானே அடிப்பே," என்றான்.

நாடகத்தன்று அந்தக் காட்சியில் கதாநாயகன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. திரைக்குப் பின்னால் மீரா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "பாத்தீங்களாண்ணே!" பார்த்தேன். கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று. நான் கேபிளைச் சுருட்டப் போனேன்.

மீரா படிப்பை முடித்து மெல்பர்னுக்குப் போய்விட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி விளக்குப் படம் ஒன்று வரும், "ஹேப்பி தீபாவளி அண்ணே" என்று. குழு கலைந்தது. அந்த அரங்கத்தை இடித்துக் கட்டிவிட்டார்களாம்.

நவீன் இங்கேதான் இருக்கிறான். மாதம் ஒருமுறை தேக்காவில் பரோட்டா சாப்பிடுகிறோம். என் ஜோக்குகள் அப்படியேதான் இருக்கின்றன, மோசமாக. அவனும் சிரிக்கத்தான் செய்கிறான். ஆனால் ஒவ்வொரு தடவையும், சிரிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு நொடி, என் முகத்தைப் பார்த்து, ஜோக்தானா என்று உறுதிசெய்துகொள்கிறான்.