சாவியோடு பறந்தவர்

வலாதாரிஸ் ஊரில் மெத்தை விற்கும் அடெமாருக்குப் படுத்துக்கொண்டே செய்கிற வேலைதான் வாய்த்திருந்தது. கடையில் குப்புறப் படுத்து மெத்தையின் பெருமையைக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் இபிதுருனா மலையுச்சியில் முக்கோணத் துணி இறக்கையை மாட்டிக்கொண்டு ஓடிக் குதித்து, அதே குப்புறப் படுத்த வாக்கில் வானத்தில் மிதப்பார். பதினோரு ஆண்டுகளாக, கடையிலும் சரி, வானத்திலும் சரி, அவர் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

மற்றவர்கள் அப்படியில்லை. வெப்பக்காற்றைப் பிடித்து மேலேறி, மலையின் பின்பக்கம் தாண்டி, நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் போய் யாருடைய மேய்ச்சல் நிலத்திலோ இறங்குவார்கள். மாலையில் மதுக்கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் இறக்கையாக்கி அந்தக் கதையைச் சொல்வார்கள். பின்பக்கம் தாண்டாதவனுக்கு அந்த மேசையில் காது மட்டும்தான். பறப்பவர்களின் சங்கத் தலைவர் வால்டெசிர் ஒரே பறத்தலை ஒன்பது விதமாகச் சொல்லக் கூடியவர். ஒன்பதுக்கும் அடெமார் தலையாட்டியிருக்கிறார். அவருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஆணி. மலையில் அடித்த ஆணி.

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை, பயமும் இருந்தது. பின்பக்கம் போய்விட்டால் எதிர்க்காற்று திரும்ப விடாது. எங்கே இறங்குகிறோமோ அங்கே கார் வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும். கடைசியில் மனைவி ஜுரேமா கார் ஓட்டி வரச் சம்மதித்தாள்.

"ஒரே ஒரு தடவைதான். இன்னிக்கும் மலையச் சுத்திட்டு இறங்கினேன்னு வை, அந்த இறக்கைய வித்து வாஷிங் மெஷின் வாங்கிருவேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெஷினின் நிறம் வரைக்கும் முடிவாகியிருந்தது.

அன்றைக்குக் காற்று அருமை. அடெமார் குதித்த சற்று நேரத்தில் கருங்கழுகுக் கூட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கழுகுகள் இவரைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் காற்று அவற்றையும் இவரையும் ஒன்றாகத் தூக்கியது. உச்சி சிறுத்து, கார்கள் தீப்பெட்டியாகி, பின்பக்கப் பள்ளத்தாக்கு விரியத் தொடங்கியது. இதோ, இதுதான் என்று நினைத்தபோது வாக்கி டாக்கியில் ஜுரேமாவின் குரல் கரகரத்தது.

"அடெமார், கார் சாவி எங்கய்யா வச்ச?"

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பையில் சாவி இருந்தது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் அவரோடு சுகமாகப் பறந்துகொண்டிருந்தது.

"கண்ணு... அது எங்கிட்டதான் இருக்கு."

"நல்லா இருப்பே! பாதைய அடைச்சு நம்ம காரு நிக்குது. பின்னாடி அத்தனை பேரு வண்டியும் நிக்குது. என்னை என்ன செய்வாங்கன்னு தெரியல."

உடனே இன்னொரு குரல் குறுக்கே வந்தது. காலையிலேயே புறப்பட்டு, காற்று கைவிட்டதால் பாதி வழியில் சாலையோரம் இறங்கி வெயிலில் நின்றிருந்த வால்டெசிர்.

"யோவ் ஆணி! எனக்கு வர வேண்டிய வண்டியும் உன் வண்டிக்குப் பின்னாடிதான்யா நிக்குது! மரியாதையா கீழ இறங்கிச் சாவியக் குடு!"

இறங்கினால் அடிவாரம். அங்கிருந்து சாவி உச்சிக்குப் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும். இறக்கை வாஷிங் மெஷின் ஆகிவிடும். பேசாமல் போய்விட்டால்? ஜுரேமாவை அந்தக் கூட்டத்தின் நடுவே விட்டுவிட்டுப் போவதற்கு மெத்தைக்காரருக்கு மனம் வரவில்லை. பாடுபட்டுச் சேர்த்த உயரத்தை வட்டம் வட்டமாகக் கரைத்துக்கொண்டு உச்சிக்கு மேலே மூன்று பனை உயரத்துக்கு வந்தார். கழுத்துத் துணியில் சாவியைச் சுற்றி எறிந்தார். அது புறப்பாட்டு மேடையைத் தாண்டி முள்புதருக்குள் விழுந்தது. கார் ஓட்ட வந்தவர்கள் எல்லாரும் மண்டியிட்டுத் தேடுவது மேலிருந்து தெரிந்தது. பார்க்க ஒரு பிரார்த்தனைக் கூட்டம் போலிருந்தது. ஆனால் காதில் விழுந்த வார்த்தைகள் எதுவும் பிரார்த்தனை இல்லை.

இதற்குள் அடெமார் உச்சிக்கும் கீழே போய்விட்டார். இந்த உயரத்திலிருந்து யாரும் மீண்டதில்லை, நேரே அடிவாரம்தான் என்பது மதுக்கடை மேசையில் வால்டெசிர் சொல்லும் தீர்ப்பு. ஆனால் ஒரே மலையைப் பதினோரு வருஷம் சுற்றியவருக்கு அதன் சட்டைப்பை ஓட்டைகள் கூடத் தெரியும். மதியத்துக்கு மேல் மேற்குப் பாறை சூடேறி, காற்று மேலெழும்பும். அங்கே போய்ப் பாறையை உரசுவது போல் திரும்பினார், மறுபடி திரும்பினார். இறக்கையின் ஒரு நுனி லேசாகத் துள்ளியது. விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கடன்காரன் காலைப் பிடிப்பது போல் காற்றைப் பிடித்துக்கொண்டு மேலேறினார். மேடை மறுபடி காலுக்குக் கீழே போனது.

"கிடைச்சிருச்சு!" என்றாள் ஜுரேமா. "முள்ளு குத்தாத விரல் இல்ல. நீ எங்க இருக்க?"

"உன் தலைக்கு மேல. பின்னாடி போகப் போறேன்."

வாக்கி டாக்கியில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"போயேன்," என்றாள் அவள். "ரோட்டோரமா பாத்து இறங்கு. காட்டுக்குள்ள இறங்கினா அங்கேயே குடும்பம் நடத்திக்க, நான் வர மாட்டேன்."

அடெமார் இறக்கையின் பிடிகம்பியை இழுத்தார். மலை பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தாலும் பயனில்லை.

ஐம்பது கிலோமீட்டரைத் தொடுவதற்குக் கொஞ்சம் குறைவு. திமில் பெருத்த மாடுகள் மேய்கிற நிலத்தில், சாலைக்குப் பக்கத்திலேயே இறங்கினார். ஜுரேமா வந்தபோது ஒரு மாடு இறக்கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் அதனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வால்டெசிரையும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய வண்டி வேறு பக்கம் இன்னும் தூரத்தில் இறங்கிய இருவரை அள்ளப் போய்விட்டது. வெயிலில் சிவந்த மூஞ்சியோடு பின்சீட்டில் ஏறியவர் திட்டத்தான் வாயெடுத்தார். அதற்குள் அடெமார் தொடங்கிவிட்டார். கைகள் இரண்டும் இறக்கையாக விரிந்து ஜுரேமாவின் கண்ணை மறைத்தன.

"கையக் கீழ போடுய்யா, ரோடு தெரியல!"

கை கீழே போகவில்லை. மேற்குப் பாறை, நுனி துள்ளியது, காற்றின் மணம் என்று கதை நீண்டது. ஒரு மணி நேரமாகியும் பாறையைத் தாண்டவில்லை. வால்டெசிர் கொட்டாவியை அடக்கினார், சன்னலுக்கு வெளியே பார்த்தார், தொண்டையைச் செருமினார். பிறகு, யாரும் கேட்காமலே முன்சீட்டுக்குக் குனிந்து சொன்னார்:

"சரி, நுனி துள்ளிச்சு. அப்புறம்?"