குமிழி ஓடிய கண்ணாடி

போன வாரம் காருக்கு ஏ.சி. கேஸ் நிரப்பப் போயிருந்தேன். மெக்கானிக் ஒரு மிஷினின் குழாயை மாட்டி, பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மிஷினே எடை பார்த்தது, அதுவே நின்றும் கொண்டது. அடப்பாவி, இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு.

தொண்ணூறுகளில் தச்சநல்லூரில், மேலப்பாளையத்து பாய் ஒருவரின் பட்டறையில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். அப்போதெல்லாம் கேஸ் போகிற பாதையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கும். அதில் குமிழி ஓடினால் கேஸ் குறைவு, தெளிந்துவிட்டால் போதும். தராசு எதற்கு, எனக்குக் கண்ணு போதும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பாளையங்கோட்டை சார் ஒருவர் தன் பழைய காண்டசா காரைக் கொண்டுவந்தார். பழைய கேஸ் கிடைப்பது அரிதாகிவிட்டது, புது கேஸுக்கு மாற்ற வேண்டும். அவர் மனைவி, டீச்சர், அப்போதுதான் இருதய ஆபரேஷன் முடிந்து தேறிவந்தார். மே மாதம் உவரியில் மகளுக்குக் கல்யாணம்.

"வண்டி குளுந்தாத்தான் தம்பி அவ வர முடியும், பாத்துக்கிடுங்க" என்றார் சார்.

பாய் ஆயிலை மாற்றினார், வாஷர்களை மாற்றினார். "ஏலே, இது புது கேஸு. கண்ணாடிய நம்பாத. எடை போட்டு, பழசவிடக் கொறச்சு ஏத்து" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

எடை போட்டுத்தான் ஏற்றினேன். ஆனாலும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தது. புது கேஸில் அளவு சரியாக இருந்தாலும் குமிழி ஓடும் என்று எனக்கு எங்கே தெரியும்? மனசு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கண்ணாடி தெளியும்வரை ஏற்றினேன். பாய் திரும்பி வந்து கேட்டதும், "எடை பாத்துத்தான் போட்டேன் பாய்" என்று கூசாமல் சொன்னேன். பட்டறையில் வண்டி ஜம்மென்று குளிர்ந்தது.

கல்யாணத்தன்று நாங்குநேரி தாண்டியதும், கொளுத்துகிற வெயிலில், நான் கூடுதலாக ஏற்றிய கேஸின் அழுத்தம் தாங்காமல் கேஸ் ஓடுகிற ரப்பர் ஓஸ் வெடித்து, ஏ.சி. நின்றுவிட்டது. டீச்சருக்கு மயக்கம். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "தங்கச்சி எங்கூட இருக்கா. நீங்க போங்க, பிள்ள அங்கன தனியா நிக்கும்" என்று சாரை பஸ்ஸில் அனுப்பிவிட்டாராம்.

பிறகு ஓஸ் மாற்ற வந்த சார் யாரையும் திட்டவில்லை. "பழைய ஓஸு, என்ன செய்யதுக்கு" என்றார். "ஆமா சார்" என்றேன் நான். பாய் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, தானே புது ஓஸை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார்.

இன்று அந்தக் கண்ணாடி வருகிற வண்டியே அபூர்வம். பட்டறை இல்லை, பாயும் இல்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால் சாரும் இல்லை. ஓஸ் மாற்ற வந்த அன்று, பாய் வேலையை முடிக்கும்வரை பார்க்கச் சொல்லி, சார் கல்யாண ஆல்பத்தை என் கையில் கொடுத்திருந்தார். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். ஒரு படத்திலும் டீச்சர் இல்லை.