பாண்டவர் குழியின் அளவுகள்

1965 தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவியும் சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் கடலூருக்குப் போனோம். அவள் தம்பிக்கு அங்கே புதிதாகத் திறந்த அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அருங்காட்சியகம் என்றாலும் ஒரே கூடம்தான். ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில், முந்திரித் தோப்பு நடுவே, பழங்காலத்து ஈமக்குழி ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டு, சுற்றிலும் சுவர் எழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டிருந்தார்கள்.

அந்தக் குழியைப் பற்றி முதன்முதலில் எழுதி வைத்தவன் நான். விளக்கப் பலகையில் என் பெயர் ஒரு மூலையிலாவது இருக்கும் என்ற எதிர்பார்ப்போடுதான் போனேன். அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை.

1962 சித்திரையில் லீவு போட்டு அங்கேயே மாமனார் வீட்டில் தங்கியிருந்தேன். ரோட்டுக்குக் கிராவல் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் கடப்பாரை ஒரு பலகைக்கல்லில் மோதியது. கல்லை நகர்த்தினால், கீழே நான்கு பக்கமும் கல் நிறுத்திய ஓர் அறை. உள்ளே கறுப்பும் சிவப்புமான கிண்ணங்கள், துருவேறிய கத்தி ஒன்று, தொட்டால் உதிர்கிற எலும்புகள். பாண்டவர் குழி, தொட வேண்டாம் என்று ஊரில் சொன்னார்கள். வெட்டியவர்கள் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேறு பக்கம் வெட்டலாம் என்றார்கள். அவர்களிடம் கெஞ்சி நான்கு நாள் தவணை வாங்கினேன்.

கையில் டேப் இல்லை. கிணறு வெட்டும்போது ஊரில் எப்படி அளப்பார்களோ அப்படியே சாணால் அளந்தேன். நீளம் எட்டுச் சாண், அகலம் ஐந்து, ஆழம் ஆறு. ஒரு சாணுக்கு ஒன்பது அங்குலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கை வைத்து அடியாக மாற்றி எழுதினேன். எந்தக் கிண்ணம் எந்தக் கல்லை ஒட்டி இருந்தது, எந்தக் கிழமை எந்த வேளையில் எடுத்தேன் என்பதெல்லாம் நாற்பது பக்க நோட்டில் ஏறியது. மூன்றாம் நாள் கோடை மழை வரும்போல இருந்ததால் பனை ஓலை போட்டு மூடினேன். விரிசல் விட்டிருந்த ஒரு கிண்ணத்தை என் துண்டைக் கிழித்துக் கட்டி எடுத்தேன்.

லீவு முடிந்து கிளம்பும்போது மைத்துனன் நோட்டைக் கேட்டான். தொல்பொருள் இலாகாவுக்கு எழுதிப் போடலாம், ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன் என்றான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிரதி எடுத்துக்கொள்ளாமல் கொடுத்தேன்.

மறுவருஷம் ஆபீசில் ஏதோ யோசனையில் அடிக்கோலின்மேல் கையை விரித்து வைத்தேன். எட்டு அங்குலம்தான் வந்தது. எனக்குச் சிறிய கை. அப்படியானால் நோட்டில் நான் எழுதிய அளவுகள் எல்லாமே கூடுதல். நோட்டு வந்ததும் முதல் வேலையாகத் திருத்த வேண்டும் என்றிருந்தேன். மனைவி பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நோட்டைக் கேட்டுவரச் சொல்வேன். தேடிக்கொண்டிருக்கிறான் என்று வந்து சொல்வாள். இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை கேட்டேன். ஐந்து தடவையும் அதே பதில்.

நாங்கள் கூடத்துக்குள் நுழைந்தபோது பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த நாலைந்து பேருக்கு மைத்துனன் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை, கையில் நீளமான பிரம்பு. எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தினான், பிறகு தொடர்ந்தான்.

"தங்கம் கிங்கம் ஏதாச்சும் கெடைச்சுதா தம்பி?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

"தங்கம் கெடைச்சிருந்தா நான் எதுக்குங்க காக்கிச் சட்டையில நிக்கிறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவன் சொன்னான்: "நாலு நாள் இந்தக் குழியிலயே கெடந்தேங்க. மழ வர மாதிரி இருந்துச்சு, ஓலயப் போட்டு மூடினேன். அந்தா கண்ணாடிக்குள்ள இருக்குதே கிண்ணம், அத என் துண்டக் கிழிச்சுக் கட்டித்தான் வெளிய எடுத்தேன்."

பலகையைப் பார்த்தேன். கண்டுபிடித்தவர் என்று அவன் பெயர் இருந்தது. கீழே, நீளம் ஆறடி, அகலம் மூன்றடி ஒன்பது அங்குலம், ஆழம் நாலரை அடி. சாணை ஒன்பதால் பெருக்கிய என் கணக்கு, ஓர் அங்குலம் மாறாமல். இத்தனை பேர் வந்து கட்டடம் கட்டியிருக்கிறார்கள், ஒருவரும் டேப் வைத்து அளக்கவில்லை.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் குழியையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

வெளியே முந்திரி நிழலில் வைத்து அவளிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"கண்டுபுடிச்சவனுக்குத்தான் வேலைன்னு சொன்னாங்களாம். அவனுக்கு வேற வழியில்ல. ஒங்களுக்குத்தான் சர்க்கார் வேல இருக்குதே."

"நோட்டு எங்கே?"

"மொதப் பக்கத்துல ஒங்க பேர் இருந்துச்சுன்னு அத மட்டும் கிழிச்சிட்டு நோட்ட இலாகாவுக்கு அனுப்பிட்டான். போன வருசம் ஆடியிலயே."

ஆடிக்குப் பிறகும் இரண்டு தடவை அவளைக் கேட்கச் சொல்லியிருந்தேன். இரண்டு தடவையும் ஊருக்குப் போய்விட்டு வந்து, தேடுகிறான் என்று சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்பேனா என்பது எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவன் செய்ததைக்கூட ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, அந்த நான்கு நாள் கதையை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே, அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பெண்ணாடத்துக்காரர்கள் போன பிறகு மைத்துனன் இரண்டு சோடா வாங்கிவந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை நீட்டினான். வேலை நிரந்தரமாகவில்லை என்றான். குழியைப் பற்றி இலாகா ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கப்போகிறது, அளவுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாமா. பலகையப் பாத்தீங்கல்ல, அளவெல்லாம் சரியா இருக்குதா?"

அளந்தவனிடமே கேட்கிறான். அந்த அறையின் நீளம் ஆறடி இல்லை, ஐந்தடி நாலு அங்குலம். ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நோட்டில் ஒரு தேதி தவறினால்கூட அடித்துத் திருத்தி, திருத்திய நாளையும் பக்கத்தில் குறிக்கிறவன் நான். ஆனால் அந்தக் கூடத்தில் அவன் எடுத்துக்கொள்ளாமல் விட்டது, அளவு தவறு என்று எனக்குத் தெரிந்திருந்தது ஒன்றுதான். அதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"சரியாத்தான் இருக்குது மச்சான். கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்றேன்.

திரும்பும் பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் மனைவி பேச ஆரம்பித்தாள். நான் சத்தம் போடுவேன் என்று பயந்ததாகவும், தம்பியிடம் நல்லபடியாகப் பேசியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்ததாகவும் சொன்னாள். நான் மன்னித்துவிட்டேன் என்று அவள் எடுத்துக்கொண்டாள். இல்லை என்று நான் சொல்லவில்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.