யாளியின் கழுத்தில் ரோஜா மாலை

அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில் மருந்துக் கம்பெனி ஒன்றின் தர ஆவணப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் சேனாபதிக்கு, எழுதி வைக்காதது நடக்காதது. மகள் வெண்பாவின் முதல் பல் விழுந்ததற்கும் அவரிடம் தேதியிட்ட கோப்பு உண்டு. யாழ் செய்யும் ஆசை எப்படி வந்தது என்பதற்கு மட்டும் கோப்பு இல்லை. மனைவி புஷ்பவல்லியைக் கேட்டால், கராஜில் கார் நிம்மதியாக நிற்பது பொறுக்காமல் வந்தது என்பாள்.

சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பழைய சிற்பங்களின் படங்களை அச்செடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து, பதினான்கு நரம்புகளின் நீளத்தையும் அவரே கணக்கிட்டார். மிகக் குட்டை ஒன்பது அங்குலம். மிக நெட்டை முப்பத்தொன்று. படகு போன்ற அடிப்பாகத்திலிருந்து வளைந்தெழும் தண்டின் நுனியில் யாளித் தலை. முதல் யாளியைப் புஷ்பவல்லி ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நம்ம குப்பைத் தொட்டிய உருட்டுற ரக்கூனுங்களா?"

சேனாபதி அதையும் தேதியுடன் குறித்துக்கொண்டார். மூன்றாம் யாளியில்தான் சிங்க முகமும் துதிக்கையும் சண்டையில்லாமல் பொருந்தின.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் யாழ் மேடையேறியது. வாசிக்க வந்தவர் வான்மதி. பல் மருத்துவர், வீணை பயின்றவர். திரைக்குப் பின்னால் சேனாபதி ஒவ்வொரு நரம்பாகச் சுருதி சேர்த்து, அளவுகளை எழுதி, வான்மதியிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டு இறங்கினார். திரை விலகியது. முதல் மீட்டலிலேயே நெட்டை நரம்புகள் சளி பிடித்த தொண்டைபோல இழுத்தன. பின்வரிசை எழுந்து இட்லிக்குப் போயிற்று.

அதைக்கூட அவர் மன்னித்திருப்பார். ஆனால் சங்கத் தலைவர் கிட்டுசாமி கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைத்தார்: 'யாழ் செய்தவரின் கவனக்குறைவால் சுருதி சேரவில்லை.' அடுத்த மாதப் பொதுக்குழு ஒப்புதல் தந்துவிட்டால் அந்த வரி நிரந்தரம். சேனாபதி மேல் யார் எந்தப் பழி சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார், கவனக்குறைவைத் தவிர.

விழாக் காணொளியை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். திரை விலகும்போதே யாளியின் கழுத்தில் மாலை கிடந்தது; விசாரித்ததில் கதை தெரிந்தது. வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவருக்கு வாங்கிய ரோஜா மாலை மிஞ்சிவிட்டது. மிஞ்சிய மாலையை வீணாக்க மனம் வராத கிட்டுசாமி, திரை விலகுமுன் பக்திப் பரவசத்தோடு அதை யாளியின் கழுத்தில் சாத்திவிட்டு, நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டார். பாரத்தில் தண்டு ஒரு நூல் தணிந்தது, நரம்புகள் தளர்ந்தன. சேனாபதி மூன்று பின்னிணைப்புகளோடு நாற்பத்து மூன்று பக்க அறிக்கை அனுப்பினார். வாட்ஸ்அப்பில் கிட்டுசாமியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

பொதுக்குழு ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூடியது. சேனாபதி யாழோடும், அதே கடையில் வாங்கிய அதே எடை மாலையோடும் வந்தார். சுருதி காட்டும் செயலியைத் திறந்து போனை எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துவைத்தார். வான்மதி நெட்டை நரம்பை மீட்டினார். முள் நடுவில் நின்றது.

"தலைவரே, அன்னைக்குப் போட்ட மாதிரியே நீங்களே போட்டு விடுங்க."

மாலை என்று ஒன்று கையில் கிடைத்தால் போடாமல் இருக்கக் கிட்டுசாமிக்குத் தெரியாது. போட்டார், பழக்கதோஷத்தில் கும்பிட்டும் விட்டார். வான்மதி மீண்டும் மீட்டினார். முள் இடப்பக்கம் சரிந்தது. மாலையைக் கழற்றியதும் நடுவுக்குத் திரும்பியது. நாற்பது பேரும் முள்ளை விட்டுத் தலைவரைப் பார்த்தார்கள்.

"மரியாதைக்குத்தானுங்க போட்டேன்," என்றார் அவர்.

"மரியாதை ரெண்டரை பவுண்டு இருந்துதுங்கண்ணா," என்றாள் புஷ்பவல்லி.

வரியைத் திருத்தியே ஆகவேண்டும் என்றாயிற்று. தலைவர் பெயரை எழுதவோ ஒருவருக்கும் கை வரவில்லை. அரை மணி நேர விவாதத்துக்குப் பின் ஏகமனதாக நிறைவேறியது: 'மாலையின் கவனக்குறைவால் சுருதி சேரவில்லை.'

சேனாபதி அதை இரண்டு முறை படித்தார். தன் மேல் பழி இல்லை. முத்திரையிட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கோப்பில் சேர்த்தார். மாலை ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.