பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி

கோல சிலாங்கூரில் நாங்கள் குடித்தனம் வைத்த இடத்தை வீடு என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சீனர் மளிகைக் கடையின் மாடி அது. ஒரே கூடத்தைப் பலகை அடித்து அறைகளாகப் பிரித்து, தெருவைப் பார்த்த பகுதியை எங்களுக்கு விட்டிருந்தார்கள். கட்டடத்துக்கு என்ன வயதோ, மரப்படியில் கால் வைத்தால் மொத்தமும் முனகும். கீழே கருவாட்டு வாடை, எதிரே பஸ் நிலையத்துப் புகை. ஜன்னலைத் திறந்தால் கண் எரியும், சாத்தினால் மூச்சு முட்டும். நான் திறந்தே வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் பஸ் பட்டறையில் மெக்கானிக். கல்யாணமான புதிதில் எனக்கு இரண்டு இடம் காட்டினார். ஒன்று ஊருக்கு வெளியே, மலாய்க்காரர் கிராமமான கம்பத்து ஓரத்தில், கிணறும் முருங்கை மரமுமாகத் தனி வீடு. இன்னொன்று இந்த மாடி. புத்தியுள்ளவள் எவளும் தனி வீட்டைத்தான் கேட்டிருப்பாள். நான் மாடியைக் கேட்டேன். சபாக்கிலிருந்து வரும் பஸ் இதற்கு எதிரில்தான் நிற்கும். சபாக் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். அப்பா முன்பே போய்விட்டார், நான் ஒரே பெண். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, ஊரும் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மகள் வீடு கண்ணில் பட வேண்டும், யாரிடமும் வழி கேட்டு நிற்கக் கூடாது. அம்மா வந்து என்னோடு நாலு நாள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கடைக்காரரின் மனைவி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆயிரம் கட்டளை போட்டாள். சத்தம் கூடாது, விறகு கூடாது, தெரியாத ஆளை மேலே ஏற்றவே கூடாது. அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் அவசரகாலச் சட்டம் நடந்த சமயம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம். மாடியில் வந்து தங்கியது யார் என்று போலீஸ் கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"யார் வரும்? ஆள் நிறைய வரும்?"

"எங்கம்மா மட்டும்தான்."

அம்மா என்றதும் அவள் முகம் இளகியது. "அம்மா வந்தா போலே லா, வரலாம்," என்று சாவியைத் தந்தாள்.

தை பிறக்கப் போகிறது. எனக்குத் தலைப்பொங்கல். கல்யாணமான முதல் பொங்கலுக்குப் பெண்ணின் தாய் வீட்டிலிருந்து புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எல்லாம் சீராக வர வேண்டும். பானையில் முதலில் விழுவது தாய் வீட்டு அரிசியாக இருக்க வேண்டும். ஆனால் அரிசி காட்டுக்குள் போய்விடும் என்று சர்க்கார் பயந்து, லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு வாசலில் ஆளை நிறுத்திச் சோதித்த காலம் அது. ஒரு பிடி அரிசி வெளியே போகக் கூடாது. எங்கள் பங்கீட்டு அரிசியே போதும், எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன். அம்மா அவரிடமே பதில் கொடுத்தனுப்பினாள்.

"வெறுங்கையோட வர்றதுக்கு நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

பொங்கலுக்கு முதல் நாள் காலையிலேயே ஜன்னலில் உட்கார்ந்துவிட்டேன். முதல் பஸ்ஸில் அம்மா இல்லை. அடுத்ததற்குக் காத்திருந்தபோது ஒரு போலீஸ் லோரி தெருவில் போனது. பின்னால் முக்காடு போட்ட பெண்கள் சிலர் குந்தியிருந்தார்கள். நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அம்மா பஸ்ஸில் அல்லவா வருவாள்! கழுத்தை நீட்டித் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்து பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி என் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"தங்கச்சி, அம்மாவ சுங்கை பெசார் தாண்டி தடுப்புல எறக்கிட்டாங்க. பானையில அரிசி இருந்திச்சி. பஸ்ஸ முழுக்கச் சோதிச்சி இப்பத்தான் விட்டாங்க. லோரியில இங்கதான் கொண்டாந்திருப்பாங்க."

அம்மா எதையும் ஒளிக்கவில்லை. புதுப்பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, வாயை மஞ்சள் துணியால் மூடி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தோட்டத்து வாசலில் சோதனை செய்தவள் எங்கள் லயத்துப் பெண். சீர்ப்பானையை இன்னொருவர் கைவிட்டுத் துழாவுவது ஆகாது என்று தெரிந்தவள். பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வழி விட்டாளாம். அதை அரிசி என்று அவர்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவர்களுக்கு அது சீர். தடுப்பில் நின்ற பட்டாளத்துக்காரனுக்கு அது அரிசி.

வாசலில் யார் விட்டது என்று போலீஸ் கேட்டிருக்கிறது. அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. "நான்தான் ஒளிச்சி வச்சிக் கொண்டாந்தேன்" என்று சொல்லிவிட்டாள். ஒளித்துக் கொண்டுபோனால் குற்றம் இன்னும் பெரிது. கோர்ட்டு முடிந்து அம்மா வெளியே வருவதற்குள் தை மாதம் போய்விட்டது. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், அவள் லாக்கப்பிலும் நான் மாடியிலும் கிடந்தோம். நான் பொங்கல் வைக்கவில்லை. கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன், கடைக்காரம்மாவையும் விடவில்லை. அவள் மறுநாள் ஒரு கிண்ணம் கஞ்சியை என் கதவருகே வைத்துவிட்டுப் போனாள்.

விடுதலையான அன்று நானும் அவரும் போய் அம்மாவை அழைத்து வந்தோம். ரொம்ப இளைத்திருந்தாள். கடை வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"மேல வாம்மா."

"வேணாம் புள்ள. லாக்கப்புல கெடந்த ஒடம்பு. இதோட நீ புதுசா குடித்தனம் வச்ச வூட்டுல ஏறுனா நல்லாருக்குமா?"

"கீழயே குளிக்கிற ரூம் இருக்கு. குளிச்சிட்டு ஏறு."

"மாத்துத் துணி இல்ல."

"என் சேல இருக்கு."

"மக சேலைய வாங்கிக் கட்டுற நெலமைக்கு இன்னும் வரலடி." முறைத்தாள். அந்தக் கோபத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"அத்தே, தெருவுலயே நின்னா எப்படி? வாங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னொரு நாளைக்குத் தலைமுழுகிட்டு, நல்லதா உடுத்திக்கிட்டு வர்றேன் மாப்ள. தப்பா எடுத்துக்காதீங்க." அண்ணாந்து பார்த்தாள். "அந்த சன்னலா? காத்து வருமா?"

"வரும்மா."

எதிரே பஸ் உறுமியது. சபாக், சபாக் என்று கண்டக்டர் கத்தினார். அம்மா விறுவிறு என்று தெருவைக் கடந்து ஏறிக்கொண்டாள். நான் கையைப் பிடிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. அதற்குப் பிறகு தோட்டத்து வாசலில் அம்மாவை மட்டும் தனியாக நிறுத்திச் சோதித்தார்கள். மானஸ்தி, வெளியே வருவதையே விட்டுவிட்டாள். நான்தான் போய்ப் போய்ப் பார்த்து வந்தேன். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள்.

அம்மாவுக்காகத்தான் பஸ்ஸுக்கு அவ்வளவு பக்கத்தில் வீடு பிடித்தேன். கொஞ்சம் தள்ளிப் பிடித்திருக்கலாம். வெயிலில் நடந்த களைப்பில், ஒரு வாய் தண்ணீருக்காவது அன்றைக்கு என் வீட்டுக்குள் வந்திருப்பாள்.