உள்ளதைச் சொன்னால் மழை வரும்

பொன்முடிக்குப் போகிற பஸ்கள் எல்லாம் அத்தையின் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகும். நிறுத்தச் சொன்னால் நிற்கும். சொல்வதற்கு ஆள் வேண்டுமே! கல்லாற்றில் குளிக்கப் போகிறவர்களும் மலையில் மூடுபனி பார்க்கப் போகிறவர்களும் ஜன்னல் வழியாக ஒரு பச்சையைக் கண்டு "ஆகா" என்று வாயைத் திறப்பார்கள். வாயை மூடுவதற்குள் ரப்பர் தோட்டம் வந்து மறைத்துவிடும். அந்த "ஆகா" அளவுதான் ஊர். பெயர் ஏலாக்கோணம். ஏலா என்றால் அந்தப் பக்கத்தில் வயல்வெளி. சுற்றிலும் ரப்பர் மேடுகள், நடுவில் கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய குழம்பு மாதிரி கொஞ்சம் நெல்வயல். ஒரு சாயாக்கடை உண்டு. ஒரு வாசகசாலையும் உண்டு, அங்கே கேரம் போர்டு மட்டும்தான் வாசிக்கப்பட்டது. திருவனந்தபுரத்திலேயே இந்த ஊரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஊர்க்காரர்கள் அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

எங்களுக்குத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் அரிசி வியாபாரம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து அங்கேயே ஊன்றிய குடும்பம். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. மூட்டையில் கைவிட்டு நாலு மணியை எடுத்துக் கடித்தே என்ன அரிசி என்று சொல்லிவிடுவாள். ஆனால் நெல் வயலில் எப்படி நிற்கும் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அரிசி லாரியில் விளைவது. அப்படிப்பட்டவள் கல்லூரியில் கூடப் படித்த ஒரு மலையாளிப் பையனை விரும்பி, அவன் வயலில் இறங்கி வேலை செய்கிறவன் என்று தெரிந்தும் அவனையே கட்டிக்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டார், மாமாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. அவரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அத்தை போனில் அப்பாவிடம், "அவரு உங்கள ரொம்ப விசாரிச்சாரு அண்ணா" என்பாள். போனை வைத்துவிட்டு மாமாவிடம், "அண்ணன் நிங்ஙளெ அன்வேஷிச்சு" என்பாள். இரண்டு பேரும் விசாரித்து நான் கேட்டதே இல்லை. மாமா என்னிடம் ஒருமுறை சொன்னது, "நின்றெ அச்சனு அரி அறியாம், நெல்லு அறிஞ்ஞுகூடா" என்பதுதான். அப்பாவுக்கு அரிசி தெரியுமாம், நெல் தெரியாதாம்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அந்த வருஷம் ஓணம் பிந்தி வந்தது. ஓண விடுமுறைக்கு என்னை அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா வழக்கம்போல வேலிப்படல்வரை வந்து திரும்பிவிட்டார். ஏலா முழுக்கப் பழுத்துக் கிடந்தது. கையால் அறுக்க ஊரில் ஆள் இல்லாததால் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் மிஷின் வரும். ஒவ்வொரு வருஷமும் அதே மிஷின்தான். கூடவே இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு தரகர் வருவார். அந்த முறை தரகர் மிஷினையும் டிரைவரையும் இறக்கிவிட்டு வேறு எங்கோ போய்விட்டார். போனையும் எடுக்கவில்லை.

மேட்டு வயலில் ஆரம்பித்துப் பள்ளத்துக்கு வருவது முறை. மாமாவின் வயல் கடைசி. ஏலாவின் தண்ணீர் எல்லாம் வந்து தேங்குவதும் அங்கேதான். போன போகம் மழையில் சாய்ந்து, கிடந்தபடியே முளைத்துப்போனதை அத்தை சொல்லியிருக்கிறாள். இந்தப் போகமும் போனால் அடுத்த வருஷம் மாமா வயலை ரப்பர்க்காரருக்கு விட்டுவிடுவதாக இருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும் அத்தை சிரிக்கவில்லை.

முதல் நாள் திருவிழாதான். மிஷின் முன்னால் போக, கொக்குகள் அதன் பின்னால் ஓட, நாங்கள் கொக்குகளின் பின்னால் ஓடினோம். மறுநாள் காலையில் மிஷின் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பொன்முடிப் பக்கம் வானம் கறுத்திருந்தது. வயல்காரர்களின் கமிட்டி செக்ரட்டரி வரப்பில் வந்து நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் முழுவதற்கும் உள்ள குரலை அவர் ஒருவருக்கே கொடுத்திருந்தார்கள். டிரைவர் மிஷின் மேலிருந்து தமிழில் கத்த, இவர் கீழிருந்து மலையாளத்தில் கத்தினார். பிறகு செக்ரட்டரி திரும்பி, "ஆ சாலைக்காரியெ விளிக்கூ" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த ஊர் அத்தையை ஒரு காரியத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

நைட்டிக்கு மேல் மாமாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன் பையில் ஓணத்துக்குச் செய்த சர்க்கரைவரட்டியை நிரப்பிக்கொண்டு அத்தை வந்தாள். வெல்லப்பாகில் புரட்டிய அந்த வாழைக்காய்த் துண்டுகளுக்காக நானும் கூடவே வந்தேன்.

செக்ரட்டரி ஆரம்பித்தார். "அவனோடு பறயூ, நெல்லு பகுதியும் வயலில்தன்னெ கெடக்குன்னு. கண்ணடச்சோண்டாணோ இவன் வண்டி ஓடிக்குன்னது?" பாதி நெல் வயலிலேயே கிடக்கிறதாம், கண்ணை மூடிக்கொண்டா ஓட்டுகிறான் என்கிறார்.

அத்தை டிரைவரைப் பார்த்துச் சொன்னாள். "தம்பி, இந்தச் சேத்துல வண்டிய இம்புட்டுத் தூரம் கொண்டு வந்ததே பெரிய காரியம்னு செக்ரட்டரி சொல்லுதாரு. கொஞ்சம் மெல்லப் போனா மணி சிந்தாதாம்."

டிரைவர் அத்தையை ஒரு நிமிஷம் பார்த்தார். "அக்கா, அந்தாளுகிட்டச் சொல்லுங்க. தண்ணிய வடிக்காம என்னைய எறக்கிவிட்டுட்டு வரப்புல நின்னு கத்துறதுக்கு வெக்கமா இல்லையான்னு கேளுங்க. நான் என்ன படகா ஓட்டுறேன்?"

அத்தை செக்ரட்டரியிடம் திரும்பினாள். "சேட்டன் க்ஷமிக்கணும்னு பறயுன்னு. வெள்ளம் கொறச்சு வார்ன்னு போயால் எல்லாம் வேகம் தீர்த்துதராம்னு." டிரைவர் மன்னிப்புக் கேட்கிறாராம், தண்ணீர் கொஞ்சம் வடிந்தால் வேகமாக முடித்துத் தருவாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பாஷையும் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. அந்த வயலில் இரண்டும் தெரிந்தவர்கள் அத்தையும் நானும் மட்டும்தான் என்று எனக்கு ஒரு கணக்கு. "அத்தே, அவரு அப்படிச் சொல்லவே..." என்று ஆரம்பித்தேன். ஒரு சர்க்கரைவரட்டி வாய்க்குள் வந்து விழுந்தது. அது கடித்து முடிக்க நேரமாகிற பண்டம்.

இப்போது நான் பார்க்கிற வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு ஐடி கம்பெனியில் வாடிக்கையாளர் சொல்வதைச் செய்கிறவர்களிடமும், செய்கிறவர்கள் சொல்வதை வாடிக்கையாளரிடமும் சொல்ல வேண்டும். சர்க்கரைவரட்டி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அத்தை என்னைத் தென்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா? உள்ளதச் சொன்னா மழ வரும் பிள்ளே. அங்க பொன்முடியப் பாரு."

பார்த்தேன். மலையையே காணவில்லை. கறுப்பாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை கல்லூரியில் பௌதிகம் படித்தவள், அவளுக்குத் தெரியாததா? யாராவது உண்மையைச் சொன்னால் மழை வரும், மழை வந்தால் மாமாவின் நெல் போய்விடும். எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்கள் போய்க் கீழ் வரப்பை வெட்டித் தண்ணீரை விட்டார்கள். தென்னந்தடிகளைப் போட்டு மிஷினைக் கிளப்பினார்கள். டிரைவரும் சேற்றில் இறங்கித் தள்ளினார். மத்தியானம் அவருக்கு இலை போட்டார்கள். அந்த ஊர்ச் சிவப்பரிசிச் சோறு, ஒவ்வொரு மணியும் ஒரு கொட்டை. "இதத் தின்னா நான் வண்டிய ஓட்ட முடியாதுக்கா, வண்டிதான் என்னை ஓட்டணும்" என்றார். அத்தை பரிமாறியவரிடம் சோறு பிரமாதம் என்கிறார் என்று சொல்லிவிட்டாள். இலையில் இன்னொரு மலை விழுந்தது. டிரைவர் அத்தையைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், பிறகு சத்தம் போடாமல் தின்று முடித்தார். பாவம், அவரை எப்படி ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். மழை வராமல் இருக்க எத்தனை பேர் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது!

மூன்றாம் நாள் உச்சிக்கு மேல், மாமாவின் வயல் மட்டும் பாக்கி இருந்தபோது, டிரைவருக்கு அடுத்த ஊரிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு மிஷினை நிறுத்தினார். "போதும்க்கா. பள்ளத்துல எறக்குனா மறுபடி மாட்டிக்கும். நான் லாரியில ஏத்தறேன்."

செக்ரட்டரியின் வயல் முந்தின நாளே அறுத்தாகிவிட்டது. போனால் போகட்டும் என்று அவர் கையை வீசினார். "போகணெங்கில் போட்டெ! ஈ நாட்டில் வேறெ மிஷின் இல்லே?"

மாமா வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.  அத்தை தன்னையே தொட்டுக் காட்டி டிரைவரிடம் மெல்லச் சொன்னாள்.

"தம்பி, செக்ரட்டரி சொல்லுதாரு... இந்தக் கடைசி வயலு இந்தப் பிள்ளைக்க வயலாம். வேற எடத்துலருந்து வந்தவளாம். இதையும் அறுத்துக் குடுத்துட்டுப் போனா அவரு உங்கள மறக்கவே மாட்டாராம்."

டிரைவர் செக்ரட்டரியைப் பார்த்தார். செக்ரட்டரி அவசரமாக வானத்தைப் பார்த்தார். டிரைவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"அவரு இத்தனை கெஞ்சும்போது எப்படிக்கா விட்டுட்டுப் போறது?"

செக்ரட்டரிக்கு அந்த நேரம் பார்த்துப் பயங்கரமாக இருமல் வந்துவிட்டது. மாமா போய் முதுகைத் தட்டிக்கொடுத்தார். மிஷின் பள்ளத்தில் இறங்கியது. செக்ரட்டரியே முழங்கால் சேற்றில் முன்னால் நடந்து, எங்கே கால் நிற்கிறது, எங்கே புதைகிறது என்று கை காட்டினார்.

கடைசி நெல்லைப் படுதாவில் கொட்டி, மூட்டை கட்டி, வீட்டுக்குள் ஏற்றினார்கள். மிஷின் லாரியில் ஏறியது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மலையாளத்தில், "செக்ரட்டரி சேட்டா, பகுதி நெல்லு வயலில் உண்டல்லோ, போய்ப் பெறுக்கிக்கோ!" என்றார். செக்ரட்டரி தமிழில், "போடா போ, படகுக்காரா! அடுத்த வருஷம் வா, வச்சிருக்கேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். லாரி வளைவு திரும்பியதும் மழை கொட்ட ஆரம்பித்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அத்தை சொன்னது அப்படியே நடந்துவிட்டதே! இரண்டு பேரும் நேருக்கு நேர் உள்ளதைச் சொன்னார்கள், உடனே மழை வந்துவிட்டது. அவர்கள் எந்தப் பாஷையில் சொன்னார்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

மறுநாள் நல்ல வெயில். முற்றம் முழுக்க மூங்கில் பாய்களில் நெல் காய்ந்தது. மாமா காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கூட்டிப்போக அப்பா வந்தார். வேலிப்படலைத் தாண்டி ஓரடி உள்ளே வந்து, குனிந்து, ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எட்டி, உங்க மாமன் என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

மாமா சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்தபோதுதான் மேலே பார்த்தேன். ரப்பர் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மேகம் எட்டிப் பார்த்தது.

"உங்கள ரொம்ப விசாரிச்சாரு அப்பா."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் சிரித்தார். "அப்பிடியா? நானும் விசாரிச்சேன்னு போய்ச் சொல்லு."

பாய்களைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். "மாமா, அச்சன் அன்வேஷிச்சு."

மாமா தலையை நிமிர்த்தவில்லை. "சாயா குடிச்சிட்டுப் போகான் பற."

குடித்துவிட்டுத்தான் போகணுமாம் என்று சொல்லத் திரும்ப ஓடினேன். சாயா வந்தது. சாயா நன்றாக இருக்கிறது என்று இந்தப் பக்கம், நெல் எப்படி இருக்கிறது என்று அந்தப் பக்கம், மணி நல்ல திடம் என்று மறுபடி இந்தப் பக்கம். ஆறேழு பாய் அகலமுள்ள முற்றத்தில் ஓடி ஓடி எனக்கு மூச்சு வாங்கியது. அத்தை அடுக்களை வாசலில் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து, கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

பஸ் நிற்கும் இடம்வரை மாமா வந்தார். அவர் தோளில் ஒரு சின்ன மூட்டை, புதுநெல். பஸ் வந்ததும் அப்பா கை நீட்டி மூட்டையை வாங்கினார். மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாவும் கேட்கத் தயாராக நின்றார்.

நான் பாய்ந்துபோய் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டேன். "என்கிட்டச் சொல்லுங்க மாமா, நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன். முற்றத்தில் நெல் இன்னும் காய்ந்துகொண்டுதானே இருந்தது.